வெளிச்சமும் வேண்டும், இருளும் வேண்டும்

மீள்குடியேறும் எந்தக் கிராமத்திலும் மக்கள் முதலில் கேட்பவை நான்கு: கிணறு, மலசலகூடம், பாதை, விளக்கு. முதல் மூன்றையும் பற்றி நாம் கூட்டம் கூடிப் பேசுகிறோம். கிணற்றை எங்கே வெட்டுவது, மலசலகூடத்தைக் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி அமைப்பது, பாதை எவருடைய காணியோரமாகப் போவது என்று வாதாடி முடிவெடுக்கிறோம். விளக்கைப் பற்றி மட்டும் அப்படிப் பேசுவதில்லை. கம்பம் நின்ற இடத்திலே விளக்கைக் கட்டுகிறோம். எவ்வளவு பிரகாசமோ அவ்வளவு நல்லது என்று எண்ணிக்கொள்கிறோம்.

மலசலகூடக் குழிக்கு அருகே கிணறு வெட்டினால் நோய் வரும் என்பதை எமது மக்கள் அறிவார்கள். பிழையான இடத்தில், பிழையான நேரத்தில் எரியும் விளக்கும் தீங்கு செய்யும் என்பது பலருக்கு இன்னும் தெரியாது. இரவு வெளிச்சம் மனித உடலுக்கும் பயிருக்கும் ஏனைய உயிர்களுக்கும் என்ன செய்கிறது என்பதைக் கடந்த சில பத்தாண்டுகளில் விஞ்ஞானிகள் நன்கு ஆராய்ந்துள்ளனர். அதனை எளிய முறையில் எடுத்துக்கூறி, விளக்கை எப்படி வைத்தால் நன்மையைப் பெற்றுத் தீமையைத் தவிர்க்கலாம் என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருளை அறிந்தவர்கள் நாம்

விளக்கு வேண்டாம் என்று எமது மக்களுக்குச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. 1990களில் வடக்கில் மின்சாரம் அற்றுப்போன ஆண்டுகளில், மண்ணெண்ணெயும் கிடையாத நிலையில், ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு எண்ணெய் விட்டு, பஞ்சுத் திரி வைத்து எரித்த விளக்கிலே ஒரு தலைமுறைப் பிள்ளைகள் படித்தார்கள். அந்த விளக்கிலேயே பிரசவம் பார்த்தார்கள். அந்த விளக்கிலேயே இறந்தவர்களுக்கு விழித்திருந்தார்கள். 2022 மார்ச் மாத இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நடந்தபோது, ஏனைய மாவட்டத்து மக்களும் அந்த இருளின் ஒரு துளியைச் சுவைத்தார்கள்.

குப்பி விளக்கின் ஆபத்தையும் நாம் அறிவோம். தட்டுப்பட்டு விழுந்த குப்பி விளக்கினால் எரிந்த கொட்டில்களும், எரிகாயமடைந்த தாய்மாரும் பிள்ளைகளும் அநேகம். இந்த வேதனையைச் சத்திரசிகிச்சைக் கட்டிலருகே கண்ட மருத்துவர் விஜய கொடகும்புர, இலகுவில் கவிழாத, உருண்டோடாத, தடித்த கண்ணாடியிலான ‘சுதீப’ என்னும் பாதுகாப்பான விளக்கை 1990களின் தொடக்கத்தில் உருவாக்கினார். 1998இல் அதற்காக அவருக்கு ரோலக்ஸ் விருது வழங்கப்பட்டது. மின்விளக்கு வந்ததால் இந்த ஆபத்துப் பெருமளவு நீங்கியது. இது பெரிய நன்மை.

ஆகவே விளக்கு வேண்டுமா, வேண்டாமா என்பது எமது கேள்வியல்ல. எங்கே, எப்போது, எவ்வளவு, எந்த நிறத்தில் என்பதே கேள்வி.

உடலுக்குள் ஒரு மணிக்கூடு

சேவல் விடியுமுன் கூவுகிறது. புளிய மரத்தின் இலைகள் மாலையில் கூம்புகின்றன. இவற்றுக்கு நேரத்தைக் கூறும் மணிக்கூடு உடலுக்குள்ளேயே உண்டு. மனிதருக்கும் அப்படியொன்று உண்டு. பசி, தூக்கம், உடல் வெப்பம், இரத்த அழுத்தம், சுரப்பிகளின் வேலை ஆகிய அனைத்தும் ஏறத்தாழ 24 மணி நேரச் சுற்றில் நடைபெறுகின்றன. பழ ஈயை ஆராய்ந்து இந்த மணிக்கூட்டின் உள்வேலையைக் கண்டறிந்த ஜெப்ரி ஹோல், மைக்கல் ரொஸ்பாஷ், மைக்கல் யங் என்னும் மூவருக்கும் 2017இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இந்த மணிக்கூடு சரியாக ஓட வேண்டுமானால் நாள்தோறும் அதற்குச் சாவி கொடுக்க வேண்டும். அந்தச் சாவி வெளிச்சமே. எமது கண்ணின் உட்புறத்தில், உருவங்களைப் பார்ப்பதற்கான கலங்களைத் தவிர, ‘பகலா இரவா’ என்று மட்டும் மூளைக்கு அறிவிக்கும் தனிப்பட்ட கலங்களும் உள்ளன. இவை நீல நிற ஒளிக்கே மிகவும் கூர்மையாக இசைகின்றன. பகல் வானம் நீலமாக இருப்பதால் இது இயல்பானதே. மாலையில் இருள் சூழ்ந்ததும் மூளையின் நடுவிலுள்ள கூம்புச் சுரப்பி மெலற்றோனின் என்னும் பொருளைச் சுரக்கிறது. ‘இரவு வந்துவிட்டது, ஓய்வுக்கு ஆயத்தமாகு’ என்று உடல் முழுவதற்கும் சொல்லும் தூதுவன் அது. அந்நேரத்தில் கண்ணில் வெள்ளை வெளிச்சம் பட்டால் தூதுவன் தடைபடுகிறான். உடல் இன்னும் பகல் என்றே எண்ணுகிறது.

வெளிச்சத்தை அளக்கும் அளவைக்கு லக்ஸ் என்று பெயர். ஒரு மீற்றர் தூரத்தில் எரியும் மெழுகுதிரி ஏறத்தாழ 1 லக்ஸ் வெளிச்சம் தரும். பூரணை நிலவு அதில் மூன்றிலொரு பங்குகூட இல்லை. நடுப்பகல் வெயிலோ ஒரு இலட்சம் லக்ஸ் வரை போகும். அமெரிக்காவில் 2022இல் வெளியான ஆய்வொன்றில், 20 இளவயதினரில் ஒரு பகுதியினரை ஒரே ஒரு இரவு 100 லக்ஸ் வெளிச்சத்தில் உறங்கச் செய்தார்கள். அது சாதாரணமாக விளக்குப் போட்ட ஓர் அறையின் வெளிச்சமே. அவர்கள் உறங்கினார்கள், ஆனால் இருதயம் இரவு முழுவதும் வேகமாக அடித்தது. மறுநாட் காலையில் இரத்தத்தின் சீனியைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் சரிவர வேலை செய்யவில்லை. கண் மூடியிருந்தாலும் உடல் வெளிச்சத்தை உணர்கிறது என்பதே இதன் பொருள்.

இரவு வேலை செய்வோரின் நிலை இன்னும் கடினமானது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், உடல் மணிக்கூட்டைக் குழப்பும் இரவு முறை வேலையை, மனிதரில் புற்றுநோயை ஏற்படுத்தும் சாத்தியம் அதிகமுள்ளவற்றின் பட்டியலில் 2007இல் சேர்த்தது; 2019இல் மீண்டும் ஆராய்ந்து அதையே உறுதிப்படுத்தியது. இரவு வேலை செய்பவருக்கெல்லாம் நோய் வரும் என்பதல்ல இதன் கருத்து. தாதிமார், காவலாளிகள், வெதுப்பகத் தொழிலாளர் போன்றோர் பகலில் உறங்கும்போது இருட்டான, அமைதியான இடம் அவர்களுக்குத் தேவை என்பதைக் குடும்பத்தார் உணர வேண்டும்.

முகாம்களில் இரவு முழுவதும் அணையாத விளக்கின் கீழ் படுத்துறங்கியவர்கள் எம்மிடையே பலர். தறப்பாளினூடாக வந்த அந்த வெளிச்சத்தில் குழந்தைகள் அழுததைத் தாய்மார் மறக்கவில்லை. பயம், இழப்பு, கடன், நாளையைப் பற்றிய கவலை என்பனவே எமது மக்களின் தூக்கத்தைப் பெரிதும் கெடுத்தவை. விளக்கை அணைத்து அவற்றைத் தீர்த்துவிட முடியாது. எனினும் புண்பட்ட மனத்துக்கு உறக்கம் ஒரு மருந்து. அந்த மருந்தையும் வெளிச்சம் பறித்துக்கொள்ள நாம் இடமளிக்கக் கூடாது.

வயலோரத்து விளக்கு

1920ஆம் ஆண்டில் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த கார்னர், அலார்ட் என்னும் இருவர் ஒரு புகையிலை இனத்தைப் பற்றி எழுதினார்கள். கோடையில் அது மிக உயரமாக வளர்ந்தது, பூக்கவேயில்லை. அதே புகையிலை குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டினுள் சிறிய செடியாக நின்றபோதே பூத்தது. உரம், நீர், வெப்பம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, பகலின் நீளமே காரணம் என்று கண்டார்கள். 1938இல் வேறு இருவர் மற்றுமொரு செடியில் செய்த சோதனையில், அது உண்மையில் அளப்பது பகலையல்ல, இரவையே என்பது தெரியவந்தது. நீண்ட இரவின் நடுவிலே சிறிது நேரம் வெளிச்சம் காட்டினால் போதும். செடி அந்த இரவைக் கணக்கில் எடுக்கவில்லை, பூக்கவும் இல்லை.

நெல்லும் இயல்பில் நீண்ட இரவை எதிர்பார்க்கும் பயிரே. எமது முன்னோர் பயிரிட்ட நீண்ட வயதுடைய பழைய நெல்லினங்களில் பல, இரவு நீள்வதைப் பார்த்தே கதிர் தள்ளும். இன்று பெரும்பாலும் விதைக்கப்படும் பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்தின் புதிய இனங்கள் இவ்வாறு இரவின் நீளத்துக்குக் கட்டுப்படாதவையாகத் தெரிந்தெடுக்கப்பட்டவை. ஆகவே புதிய இனங்களில் இந்தப் பாதிப்புக் குறைவு. ஆனால் பாரம்பரிய நெல்லை மீண்டும் விதைக்க முன்வரும் குடும்பங்கள் இதனைக் கவனிக்க வேண்டும். வீதி விளக்கின் கீழுள்ள பாத்தி மட்டும் பச்சையாக நின்று, ஏனைய வயல் முற்றிவிட்டால், அறுவடையில் நட்டம் ஏற்படும். ஜப்பானில் வீதி விளக்கினால் நெல் கதிர் தள்ளத் தாமதிப்பது நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகிறது. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் நெடுஞ்சாலை விளக்குகளுக்கு அருகே சோயா அவரை முற்றத் தாமதித்ததையும் ஆராய்ச்சியாளர் பதிவுசெய்துள்ளனர்.

புதிய இனம் விதைத்தவருக்கும் வயலோரத்து விளக்கு நன்மையல்ல. காரணம் பூச்சிகள். தண்டு துளைப்பானின் அந்துப்பூச்சியும், எமது விவசாயிகள் அறக்கொட்டியான் என்று அழைக்கும் கபில நிறத் தத்தியும் இரவில் வெளிச்சத்தை நாடி வருபவை. விளக்குப் பொறி வைத்து இவற்றைக் கண்காணிப்பதும் பிடிப்பதும் இந்த இயல்பை வைத்தே. அப்படியானால் விடியும்வரை எரியும் வீதி விளக்கு என்ன? தண்ணீரும் சவர்க்காரமும் இல்லாத விளக்குப் பொறிதான். பூச்சிகளை அழைக்கிறது, ஆனால் கொல்வதில்லை. வந்தவை அயலிலுள்ள பயிரில் இறங்கி முட்டையிடுகின்றன.

விளக்குப் பொறி வைப்போர் அதனை முன்னிரவில் சில மணி நேரம் மட்டும் எரித்து, பின்னர் அணைத்துவிடுவது நல்லது. இரவிரவாக எரிந்தால் பயிருக்கு உதவும் பூச்சிகளும் அதில் விழுந்து சாகும்.

வெளிச்சத்தை விவசாயி நன்மைக்குப் பயன்படுத்தும் இடமும் உண்டு. முட்டைக் கோழி வளர்ப்போர் பகலோடு சில மணி நேர விளக்கு வெளிச்சத்தைச் சேர்த்து முட்டை உற்பத்தியைக் கூட்டுகிறார்கள். கோழியின் உடல் மணிக்கூட்டை விளக்கால் மாற்றலாம் என்று அறிந்த நாம், அதே விளக்கு எமது பிள்ளையின் உடல் மணிக்கூட்டையும் மாற்றும் என்பதை ஏன் நினைப்பதில்லை?

இரவு வேலைக்காரர்கள்

இரவு என்பது எல்லாம் உறங்கும் நேரமல்ல. பகல் வேலைக்காரர் வீடு திரும்ப, இரவு வேலைக்காரர் புறப்படுகிறார்கள். இலுப்பைப் பூவை நாடி வௌவால் வருகிறது. அதனாலே மகரந்தச் சேர்க்கை நடந்து இலுப்பை காய்க்கிறது. பூச்சியுண்ணும் சிறு வௌவால்கள் வயலுக்கு மேலே பறந்து தத்திகளைப் பிடிக்கின்றன. தாய்லாந்தில் 2014இல் வெளிவந்த ஆய்வொன்று, ஒரேயொரு வௌவால் இனம் நெற்பயிரின் வெண்முதுகுத் தத்தியை உண்பதால் பெருந்தொகை நெல் காப்பாற்றப்படுவதாகக் கணக்கிட்டது. வௌவால் இனங்கள் பல வெளிச்சமான இடத்தைத் தவிர்த்து விலகிப் போகின்றன. விளக்கு வரிசை ஒன்று அவற்றுக்கு மதில் போலாகிவிடுகிறது.

சுவிற்சர்லாந்தில் ஆராய்ச்சியாளர்கள் இருண்ட புல்வெளிகளில் வீதி விளக்குகளை நிறுத்திப் பார்த்தார்கள். 2017இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, விளக்கு நின்ற இடங்களில் இரவுப் பூச்சிகள் பூக்களுக்கு வருவது 62 வீதத்தால் குறைந்தது. அங்கே நின்ற ஒரு செடியில் காய் பிடிப்பது 13 வீதத்தால் குறைந்தது. பகலில் தேனீக்கள் வந்தும் அந்தக் குறையை நிரப்ப முடியவில்லை.

மின்மினிப் பூச்சி தன் சிறு ஒளியாலேயே துணையை அழைக்கிறது. பெரிய விளக்கின் கீழ் அந்த ஒளி எடுபடாது. முன்பு வேலியோரமெல்லாம் மின்மினி கண்ட முதியோர் இன்று காணவில்லை என்கிறார்கள். நஞ்சு மருந்துகளும் காடழிப்பும் இதற்குக் காரணமாகலாம். வெளிச்சமும் அவற்றோடு சேர்ந்துகொள்கிறது.

கடலோரக் குடும்பங்கள் ஆமையை அறிவார்கள். உலகிலுள்ள ஏழு கடலாமை இனங்களில் ஐந்து இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன. இரவில் மணலைக் கிளறி வெளிவரும் குஞ்சு, எப்பக்கம் வெளிச்சமாக இருக்கிறதோ அப்பக்கம் ஓடும். விளக்குகள் இல்லாத காலத்தில் அது கடற்பக்கமே; நிலவும் நட்சத்திரமும் பட்டு மினுங்குவது கடல்தானே. இன்று கரையில் விடுதியும் வீதி விளக்கும் எரிந்தால், குஞ்சுகள் தரையை நோக்கி ஓடி, வெயில் ஏறியதும் காய்ந்து சாகின்றன. நாய்க்கும் காகத்துக்கும் இரையாகின்றன.

மன்னாருக்கு ஆண்டுதோறும் வரும் பறவைகளைப் போன்று தூர தேசம் செல்லும் பறவைகளில் பல இரவிலேயே பறக்கின்றன. நியூயோர்க் நகரில் 2001 செப்ரெம்பர் 11இல் இறந்தோரின் நினைவாக ஆண்டுதோறும் ஓரிரவு வானை நோக்கி இரு பெரும் ஒளித்தூண்கள் எழுப்பப்படுகின்றன. 2017இல் வெளியான ஆய்வொன்று, ஏழு ஆண்டுகளில் அந்த ஏழு இரவுகளில் மட்டும் ஏறத்தாழ 11 இலட்சம் பறவைகள் அந்த ஒளியால் வழிதவறியதாகக் கணித்தது. ஒளியைச் சுற்றிச் சுற்றிப் பறந்து அவை களைத்துப் போயின. ஆனால் விளக்குகளைச் சிறிது நேரம் அணைத்ததும், சில நிமிடங்களில் பறவைகள் கலைந்து தம் வழியே சென்றன.

இதில் எமக்கு ஒரு நற்செய்தி உண்டு. கிணற்றில் கலந்த நஞ்சை எடுக்க ஆண்டுகள் செல்லும். மண்ணில் புதைந்த கண்ணிவெடியை அகற்றத் தலைமுறை செல்லும். வெளிச்சத்தால் வரும் மாசு அப்படியல்ல. விளக்கை அணைத்த அக்கணமே அந்த வெளிச்சம் இல்லாமற் போய்விடுகிறது.

நகரங்கள் எமக்குக் கற்பிப்பது

நகரம் செய்ததையே கிராமம் பின்பற்றுவது வழக்கம். ஆகவே நகரங்களுக்கு என்ன நடந்தது என்று பார்ப்பது பயனுள்ளது. 2016இல் வெளியிடப்பட்ட உலக வரைபடம் ஒன்றின்படி, உலக மக்களில் 80 வீதத்துக்கும் மேற்பட்டோர் செயற்கை வெளிச்சத்தால் மாசுபட்ட வானத்தின் கீழ் வாழ்கிறார்கள். மூன்றிலொரு பங்குக்கும் மேற்பட்டோருக்குப் பால்வீதி என்னும் அந்த நட்சத்திரப் பாதையே தெரிவதில்லை. எமது முற்றத்தில் பாய் விரித்துப் படுத்தால் தெரிவதை, பெருநகரத்துப் பிள்ளை படத்தில்தான் காண்கிறது.

நீல ஒளி தரும் எல்.ஈ.டி. விளக்கைக் கண்டுபிடித்த மூன்று ஜப்பானிய விஞ்ஞானிகளுக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று நாம் பாவிக்கும் வெள்ளை எல்.ஈ.டி. குமிழ் அதிலிருந்து பிறந்ததே. குறைந்த மின்சாரத்தில் கூடிய வெளிச்சம் தரும் இந்தக் குமிழ் ஏழைக்கு உதவியது என்பதில் ஐயமில்லை. ஆனால் வெளிச்சம் மலிவானதும் நகரங்கள் மிச்சம் பிடிக்கவில்லை. மேலும் மேலும் விளக்குகளைப் போட்டன. உலகெங்கும் ஆயிரக்கணக்கான சாதாரண மக்கள் தம் கண்ணாற் பார்த்து அனுப்பிய நட்சத்திரக் கணக்கை வைத்து 2023இல் வெளியான ஆய்வு, இரவு வானத்தின் வெளிச்சம் 2011 முதல் 2022 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 10 வீதம் கூடியதாகக் கூறுகிறது. மேலும், பளிச்சென்ற வெள்ளைக் குமிழில் நீலப் பங்கு அதிகம். பகலில் வானம் நீலமாகத் தெரிவதற்கு எது காரணமோ, அதே காரணத்தால் இரவிலும் நீல ஒளியே காற்றில் அதிகம் சிதறி வானமெங்கும் பரவுகிறது.

திருந்திய நகரங்களும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள பிளாக்ஸ்ராவ் நகரம் 1958ஆம் ஆண்டிலேயே வானை நோக்கி அடிக்கும் தேடொளி விளக்குகளைத் தடைசெய்தது. அங்குள்ள வானாய்வு நிலையத்தைக் காப்பதே அதன் நோக்கம். 2001இல் உலகின் முதலாவது இருள்வான் நகரமாக அது அங்கீகரிக்கப்பட்டது. பிரான்ஸ் நாடு 2013 முதல் கடைகளின் கண்ணாடி விளக்குகளை நள்ளிரவுக்குப் பின் ஒரு மணிக்குள் அணைக்க வேண்டும் என்று விதித்துள்ளது. இவை செல்வந்த நாடுகள். முதலில் வீணாக்கிப் பின்னர் திருந்தின. விளக்கு இப்போதுதான் வருகின்ற எமது கிராமங்கள் தொடக்கத்திலேயே சரியாகச் செய்யலாம். அது செலவும் குறைவு.

பாதுகாப்பு என்னும் கேள்வி

இவ்விடத்தில் எமது தாய்மார் ஒரு கேள்வியைக் கேட்பார்கள். அது நியாயமானது. ‘ஃபாதர், பறவைக்கும் பூச்சிக்கும் இருள் வேண்டும் என்கிறீர்கள். இரவில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மலசலகூடத்துக்குப் போவது நாங்கள். பாம்பும் உண்டு, யானையும் உண்டு, குடிகாரரும் உண்டு. எங்களுக்கு யார் காவல்?’

இதற்கு நேர்மையாக விடை கூற வேண்டும். வெளிச்சம் சில இடங்களில் மெய்யாகவே பாதுகாப்புத் தருகிறது. நியூயோர்க் நகரின் ஏழை மக்களின் தொடர்மாடி வளவுகளில் 2016இல் விளக்குகளை நிறுத்திச் செய்த ஆய்வில், இரவில் வெளியிடங்களில் நடந்த பாரதூரமான குற்றங்கள் 36 வீதத்தால் குறைந்தன. மறுபுறம், இங்கிலாந்திலும் வேல்சிலும் 62 உள்ளூராட்சிச் சபைகளின் பகுதிகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு, வீதி விளக்குகளைக் குறைத்ததாலோ நள்ளிரவில் அணைத்ததாலோ குற்றங்களும் விபத்துக்களும் கூடியதற்குச் சான்று இல்லை என்றது. இரண்டும் உண்மையே. நெருக்கமாக மக்கள் வாழ்ந்து, இரவில் நடமாடும் இடத்தில் விளக்கு உதவுகிறது. ஆளரவமற்ற வீதியில் விடியும்வரை எரியும் விளக்கு எவருக்கும் காவலல்ல.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கண்ணைக் கூசச் செய்யும் விளக்கு பாதுகாப்பைக் குறைக்கிறது. அதற்கு அப்பாலுள்ள நிழலில் நிற்பவரை நாம் காண மாட்டோம். அவரோ எம்மைத் தெளிவாகக் காண்பார். எமது கண் இருளுக்கு முழுமையாகப் பழக ஏறத்தாழ அரை மணி நேரம் தேவை. ஒரு கணம் பிரகாசமான விளக்கைப் பார்த்தால் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். எனவே கிணற்றடிக்கும் மலசலகூடத்துக்கும் செல்லும் பாதையில், முழங்கால் உயரத்தில் நிலத்தைப் பார்த்து எரியும் நான்கு சிறிய விளக்குகள், உயரக் கம்பத்தில் எரியும் ஒரு பெரிய விளக்கைவிட நல்லவை. அத்துடன் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நல்ல ரோச் லைற் இருக்க வேண்டும். பாம்பைக் காண்பதற்கு அதுவே சிறந்தது.

எப்படி விளக்கு வைப்பது?

விளக்கொன்றைப் பொருத்துமுன் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, எதற்காக? யார், எப்போது, எதைப் பார்ப்பதற்காக என்று சொல்ல முடியாத விளக்குத் தேவையற்ற விளக்கு.

இரண்டாவது, எங்கே விழுகிறது? வெளிச்சம் நிலத்தில் விழ வேண்டும். வானத்திலோ, வயலிலோ, அயல்வீட்டுப் படுக்கையிலோ அல்ல. விளக்குக்கு மேலும் பின்புறமும் தகரத் துண்டொன்றை மறைப்பாகப் பொருத்துங்கள். சிதறும் வெளிச்சம் கீழே திரும்புவதால் சிறிய குமிழே போதுமாகும். மின்கம்பத்திலுள்ள வீதி விளக்கில் நீங்களே ஏறிக் கைவைக்காதீர்கள். அதனைப் பொறுப்பானவர்களைக் கொண்டே செய்விக்க வேண்டும்.

மூன்றாவது, எவ்வளவு? முற்றத்துக்கு ஒரு சிறிய குமிழ் போதும். கூடிய வோட் என்பது கூடிய கட்டணமுமாகும்.

நான்காவது, எந்நேரம் வரை? வேலை முடிந்ததும் அணையுங்கள். சோலார் விளக்கு வாங்குவோர், ஆள் நடமாட்டத்தைக் கண்டால் மட்டும் எரியும் வகையைக் கேட்டு வாங்கலாம். மின்கலமும் நீண்ட காலம் உழைக்கும்.

ஐந்தாவது, என்ன நிறம்? குமிழ்ப் பெட்டியில் ஓர் இலக்கத்தோடு ‘கெல்வின்’ என்பதன் முதலெழுத்து அச்சிடப்பட்டிருக்கும். 2700 அல்லது 3000 என்றிருந்தால் அது மஞ்சள் சார்ந்த மென்மையான ஒளி. 6500 என்றிருந்தால் நீலம் சார்ந்த பளிச்சென்ற வெள்ளை. இரவுப் பாவனைக்கு மஞ்சளே உகந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கமும் 2016இல் வீதி விளக்குகளுக்கு 3000க்கு மேற்படாத நிறத்தையே சிபாரிசு செய்தது. மஞ்சள் ஒளிக்குப் பூச்சிகளும் குறைவாகவே வரும்.

வீட்டினுள்ளே, படுக்கும் இடத்தை இயன்றளவு இருட்டாக வைத்திருங்கள். ஒரே அறையில் வாழும் குடும்பம் என்றால், படிக்கும் பிள்ளையின் விளக்கைத் தாழ்வாக வைத்து, உறங்குவோர் பக்கம் ஒரு சேலையைத் திரையாகக் கட்டலாம். பாலூட்டும் தாய்க்கு மங்கலான மஞ்சள் விளக்குப் போதும். கைத்தொலைபேசியைப் படுக்கைக்குக் கொண்டுபோகாதிருப்பது பெரியவருக்கும் பிள்ளைக்கும் நன்று. காலையில் எழுந்ததும் வெயிலில் சிறிது நேரம் நிற்பதும் உடல் மணிக்கூட்டைச் சரிசெய்யும். தோட்டத்தில் வேலை செய்வோருக்கு இது தானாகவே கிடைக்கிறது.

டெங்குக் காய்ச்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்நோயைப் பரப்பும் நுளம்பு பகலில் கடிப்பது. ஆனால் 2020இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகூடச் சோதனையில், இரவில் விளக்கு எரிந்தபோது அது இரவிலும் கூடுதலாகக் கடித்தது. எனவே இரவில் விளக்கு எரிய உட்கார்ந்திருக்கும் வீட்டில், நுளம்பைப் பற்றிப் பகலில் எடுக்கும் அதே கவனம் தேவை.

ஊர் கூடிச் செய்யக்கூடியது

வீதி விளக்குக் கேட்டுப் பிரதேச சபைக்கு விண்ணப்பம் எழுதுமுன், கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் சேர்ந்து ஓர் இரவு ஊரைச் சுற்றி நடந்து பாருங்கள். முதலில் பெண்கள் தனியாக நடந்து, எங்கே பயமாக இருக்கிறது, எங்கே கால் இடறுகிறது என்று குறிக்கட்டும். விளக்கு முதலில் அங்கேயே வர வேண்டும். பின்னர் வயலோரம், குளக்கட்டு, இலுப்பைத் தோப்பு, கடற்கரை என்று இருள் தேவைப்படும் இடங்களைக் கமக்காரர் குறிக்கட்டும். காட்டோரக் காவற்கொட்டில்களில் யானைக்காக வைக்கும் வெளிச்சத்தையும் அதிலே சேருங்கள். இரண்டையும் ஒரே தாளில் வரைந்து விண்ணப்பத்தோடு இணையுங்கள். ‘பத்து விளக்குத் தாருங்கள்’ என்று கேட்பதைவிட, ‘இந்த ஆறு இடத்தில், மறைப்போடு, மஞ்சள் விளக்குத் தாருங்கள்’ என்று கேட்கும் ஊருக்குச் செவிசாய்ப்பது எளிது. தற்காலிகக் குடியிருப்பில் இன்னும் காலங்கழிக்கும் குடும்பங்களுக்கும் இந்த உரிமை உண்டு. தமது கொட்டிலுக்குள் அடிக்கும் விளக்கைத் திருப்பி வைக்குமாறு கேட்பது சலுகை கேட்பதல்ல.

ஆலயங்களும் இதில் முன்மாதிரி காட்டலாம். திருவிழா முடிந்த பின்னும் விடியும்வரை அலங்கார விளக்குகள் எரிய வேண்டியதில்லை. பாஸ்கா திருவிழிப்பு இரவில் கோவிலின் எல்லா விளக்குகளையும் அணைத்து, இருளிலே ஒரேயொரு திரியை ஏற்றுகிறோம். அந்தச் சிறு சுடரின் பொருள் விளங்குவது சுற்றிலும் இருள் இருப்பதனாலேயே. தொடக்கநூலின் படைப்பு வரலாற்றிலும் இறைவன் ஒளியை உண்டாக்கியபின் இருளை ஒழித்துவிடவில்லை. இரண்டையும் வேறு பிரித்து, இரண்டுக்கும் பெயர் சூட்டி, இரண்டுக்கும் இடம் கொடுத்தார்.

எமது மக்கள் அச்சத்தின் இருளை மிக நீண்ட காலம் அனுபவித்தவர்கள். அந்த இருள் மீண்டும் வரக்கூடாது. ஆனால் உழைத்துக் களைத்தவர் உறங்குவதற்கும், நெல் கதிர் தள்ளுவதற்கும், ஆமைக்குஞ்சு கடலைச் சேர்வதற்கும் இறைவன் தந்த இருள் வேறு. சொந்த நிலத்திலே, பயமின்றி, அந்த இருளில் படுத்துறங்குவதும் மீள்குடியேற்றத்தின் ஒரு பகுதியே.

குழுக்களில் கலந்துரையாட:

எமது ஊரில் இரவில் நடக்கப் பெண்கள் அஞ்சும் இடங்கள் எவை? அங்கே விளக்கு உண்டா?

எவருக்கும் பயனின்றி விடியும்வரை எரியும் விளக்குகள் எத்தனை? அவற்றை அணைக்கும் பொறுப்பை யார் ஏற்பது?

விளக்கின் அருகேயுள்ள பயிருக்கும் தூரத்திலுள்ள பயிருக்கும் இடையே கதிர் தள்ளும் காலத்திலும் பூச்சித் தாக்கத்திலும் வேறுபாடு உண்டா? அடுத்த போகத்தில் கவனித்துக் குறித்து வைப்போமா?